சொன்ன தொகை மட்டும்

கிரெசிக்
ஏப்ரல் 2, 2023

இல்லக்கா, அது ஏமாத்து வேலை இல்ல. நம்ம கணவாய்ச் சம்பல் ஒரு பாட்டில் விலை நாப்பத்தேழாயிரம் ரூபியாதான். கடைசி மூணு நம்பர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். உன் தோழி நூருலுக்கு வந்தது 213, அதான் அவ 47,213 போட வேண்டியதாச்சு. அவளுக்கு முன்னாடி ஆர்டர் போட்டவனுக்கு 212. அம்மா அக்கவுண்ட்ல காசு விழும்போது பேர் சரியா வராது. பொண்டாட்டி ஆர்டர் போடுவா, புருஷன் காசு போடுவான், நடுவுல மச்சினன் கார்டு வேற. அந்த வால் நம்பரப் பாத்துதான் இது யார் காசுன்னு நான் கண்டுபுடிக்கணும். இங்க எல்லாச் சின்னக் கடையும் இப்படித்தான் ஓடுது. எட்டு வருஷமா தைவான்ல உக்காந்துட்டு நீ எல்லாத்தையும் மறந்துட்ட. இருநூத்திப் பதிமூணு ரூபியாவுக்கு ஒரு மிட்டாய்கூட வராது, அதுக்கு அவ உன்கிட்ட வந்து புகார் சொல்றாளா? அடுத்த பாட்டில்ல ரெண்டு கணவாய்த் துண்டு சேத்துப் போடுறேன், வாய மூடச் சொல்லு.

ஆனா அவ சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. இந்த முறைய நான் குழி தோண்டிப் புதைக்கப் போறேன். நோன்பு மாசம்க்கா, ஒரு நாளைக்கு எழுபது ஆர்டர். காலைலேந்து பேங்க் ஆப்பத் தொறந்து வச்சு வால் நம்பர் தேடிக்கிட்டே இருக்கேன். அம்மா கேக்குது, "கோழி அடை காக்குற மாதிரி அந்த போன் மேலயே உக்காந்திருக்கியே, என்னைக்குடா குஞ்சு பொரிக்கும்?" போன வாரம் மாலாங்லேந்து ஒருத்தன் காசு போட்ட ரசீதுன்னு படம் அனுப்புனான். பன்னண்டு பாட்டில் அனுப்பிட்டேன். படமே அவன் கம்ப்யூட்டர்ல வரைஞ்சது. காசு வரவே இல்ல.

இதுல வால் நம்பரே போடாத மகராசனுங்க வேற. அதுலயும் ராஜா ஒருத்தர் இருக்கார், குமாய்க்காரர். எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல வேலை பாக்குற யாரோ கிழவர். அங்க ருஸ்மினின்னு ஒரு கடைக்காரம்மா, அது மூலமாத்தான் ஆர்டர் வரும், காசும் அதுதான் மெஷின்ல போட்டு விடும். மாசம் ஒரே ஒரு பாட்டில். நாப்பத்தேழாயிரத்துக்கு ஒன்றரை லட்சம் போடுவார், ஒரு தடவ ரெண்டு லட்சம். மீதிய எங்க திருப்பி அனுப்பன்னு கேட்டேன். "பெரியவர் வச்சுக்கச் சொல்றார்"னு பதில். சந்தோஷம்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் இது யார் காசுன்னு அரை மணி நேரம் நான் மண்டைய ஒடைக்கணும்.

அதனால காசு வாங்குற வேலைய ஒரு கம்பெனிக்கிட்ட விடப் போறேன். மூணு பாத்தேன். ஒண்ணு ஆரஞ்சுக் கலர் கம்பெனி, கார்டெல்லாம் எடுக்கும், ஆனா கம்பெனிப் பதிவுப் பத்திரம் கேக்குது. எங்கிட்ட காலேஜ் பத்திரமே இல்ல. ரெண்டாவது நீலக் கலரு. ஒரு ஆர்டருக்கு நாலாயிரம், ரெண்டு நாள்ல காசு கைக்கு வந்துரும். ஆர்டருக்கு ஒரு நம்பர் அதுவே குடுக்கும், அந்த நம்பருக்குச் சொன்ன தொகை மட்டும்தான் போட முடியும். ஒரு ரூபியா கொறஞ்சாலும் கூடுனாலும் மெஷின் துப்பிரும். மூணாவது, பாண்டுங்ல ரெண்டு பசங்க நடத்துற குட்டிக் கம்பெனி. எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கும், போடுறவங்க எழுதுற குறிப்பையும் சேத்து அனுப்பும். ஆனா அஞ்சாயிரத்து ஐநூறு, அஞ்சு நாள் ஆகும், வாரத்துல ரெண்டு நாள் படுத்துக்கும்.

அடுப்பும் மூடி ஒட்டுற மெஷினும் நீ போட்ட காசு. அதான் கேக்குறேன், எது?

காலேஜப் பத்தி மட்டும் ஆரம்பிச்சுராத.

யுதா


தைச்சுங்
ஏப்ரல் 7, 2023

அன்புத் தம்பி யுதாவுக்கு,

ஆரம்பிக்கத்தான் போறேன். ரெண்டு வருஷம் நான் அடுத்தவங்க வீட்டுக் கழிப்பறை கழுவிக் கட்டுன பீசு அது. "போரடிச்சுது"ன்னு ஒரு வார்த்தைல விட்டுட்டு வந்துட்ட. இப்ப கடை ஓடுதுன்னு நீ சொல்லும்போது சந்தோஷமா இருக்கு, ஆனா ஓடலன்னா என்னடா பண்ணியிருப்ப? சரி, சொல்லிட்டேன். இந்த மாசத்துக்கு இது போதும்.

ஆஸ்பத்திரில நான் பாத்துக்குற லின் ஐயாவுக்கு ரத்தம் சுத்தம் பண்ற மெஷின் ஓடிட்டிருக்கு. திங்கள், புதன், வெள்ளி, நாலு நாலு மணி நேரம். அவர் தூங்குவார், நான் எழுதுவேன். போன்ல பேசுனா வீட்டம்மாவுக்குப் பிடிக்காது, இப்படி போன்லயே எழுதி அனுப்புனா சத்தம் வராதுல்ல. நோன்பு வச்சுக்கிட்டு அவருக்குக் கஞ்சி ஊட்டுறேன். "நீ ஏன் சாப்பிடல, என் வீட்டுச் சோறு பிடிக்கலையா"ன்னு ரெண்டு நாளா கோவம். இன்னைக்குத்தான் புரிஞ்சுது போல, அவரும் மதியம் சாப்பிட மாட்டேன்னுட்டார். அவர சமாதானப்படுத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

அம்மா முட்டி வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கேன். அது பாட்டுக்குக் குத்த வச்சு வெங்காயம் உரிக்கும், ஒரு முக்காலி வாங்கிக் குடு.

கம்பெனி எதுன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. குமாய் கடலுக்கு அந்தப் பக்கம் கலிமந்தான்லதானே இருக்கு? அந்தப் பெரியவர் காசு போடும்போது குறிப்பு எதாவது எழுதுவாரா? இருந்தா அப்படியே தேதியோட எழுதி அனுப்பு. சும்மாதான் கேக்குறேன்.

உன் அக்கா
லஸ்த்ரி


கிரெசிக்
ஏப்ரல் 10, 2023

அக்கா,

முக்காலி வாங்கிட்டேன். அம்மா அது மேல வெங்காயக் கூடைய வச்சுட்டு, தான் கீழ உக்காந்திருக்கு.

உன் குமாய்ப் பெரியவர் சரித்திரம் இதோ. இருபது எழுத்துக்கு மேல பேங்க் விடாது, அதனால எல்லாம் தந்தி மாதிரி இருக்கும்.

டிசம்பர் 11: "ருசி அதேதான்." முதல் பாட்டில்க்கா இது! முதல் பாட்டில்லயே அதே ருசியாம்.

ஜனவரி 14: "மழை. கூரை பத்திரம்." அவர் கூரையா நம்ம கூரையா, தெரியல.

பிப்ரவரி 12: "பையன் வளந்துட்டான்." கடையோட இணையப் பக்கத்துல என் போட்டோ போட்டிருக்கேன்ல, அதப் பாத்திருப்பார். கிழவருக்கு ரசனை இருக்கு.

மார்ச் 9: "இன்னைக்கு 30 ஆச்சு." என்ன முப்பதுன்னு புரியல. வாங்குனது ஒரு பாட்டில்.

ஏப்ரல் மாசத்துக்கு இன்னும் வரல.

நான் நீலக் கம்பெனிதான்னு முக்கால்வாசி முடிவு பண்ணிட்டேன். சேர என் மூஞ்சியையும் அடையாள அட்டையையும் ஒண்ணா வச்சுப் போட்டோ எடுக்கணுமாம். மூணு தடவ அனுப்பிட்டேன், மூணு தடவையும் "முகம் தெளிவாக இல்லை"ன்னு திருப்பிட்டாங்க. அம்மா பக்கத்துல நின்னு, "அவங்க சொல்றது சரிதானேடா"ங்குது.

யுதா


தைச்சுங்
ஏப்ரல் 14, 2023

தம்பி,

மார்ச் 9 என்ன நாள்டா? நீயே எழுதியிருக்க, உனக்கு ஒண்ணுமே தோணலையா? எனக்கு முப்பது வயசு ஆன நாள். நீ வாழ்த்துகூட சொல்லல. நான் அதை மனசுல வச்சுக்கல. ஆனா குமாய்ல ஒருத்தருக்கு ஞாபகம் இருந்திருக்கு.

உன் முதல் லெட்டர்லயே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. மீதிக் காச வாங்கவே வாங்காத மனுஷன நான் ஒருத்தரத்தான் பாத்திருக்கேன். லாரி ஓட்டிட்டு வருவார், டீக்கடைல காசப் போட்டுட்டு மீதி வாங்காம வந்துருவார், அம்மா வாசல்லயே சண்ட ஆரம்பிக்கும். உனக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது, சின்னப் பையன் நீ.

அது நம்ம அப்பா, யுதா. ருசி அதேதான்னு வேற யார் எழுத முடியும்? சுமி சம்பல்னு கடைப் பேர்லயே அம்மா பேர் இருக்கு, அக்கவுண்ட்லயும் அம்மா பேர் இருக்கு. அதப் பாத்துட்டுத்தான் வந்திருக்கார்.

எனக்கும் கோவம் இருக்கு. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி கலிமந்தானுக்கு லோடு ஏத்திட்டுப் போனவர், அங்கயே இன்னொருத்தியோட தங்கிட்டார். அதுக்கப்புறம் அம்மா அவர் பேர வீட்ல எடுக்க விட்டதில்ல, நானும் எடுத்ததில்ல. ஆனா அந்த இருபது எழுத்து இருக்கே. நான் இங்க மெஷின் பக்கத்துல உக்காந்து அதையே திரும்பத் திரும்பப் படிச்சு அழுதுட்டிருக்கேன். நர்ஸ் வந்து யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேட்டுட்டுப் போறா.

கம்பெனி எதுன்னு கேட்டல்ல. குட்டிக் கம்பெனி. எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கும்னு சொன்னியே, அது. கூட ஆகுற கமிஷன நான் மாசா மாசம் அனுப்புறேன். இல்ல, நீலம்தான்னா, அம்மா அக்கவுண்ட் நம்பரக் கடையோட பக்கத்துல ஒரு ஓரமா விட்டு வை. அம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத, நான் வந்து சொல்றேன்.

லஸ்த்ரி


கிரெசிக்
ஏப்ரல் 17, 2023

அக்கா,

உன் லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். அப்புறம் நாலாவது தடவையா என் மூஞ்சியப் போட்டோ எடுத்து நீலக் கம்பெனிக்கு அனுப்புனேன். இன்னைக்குக் காலைல சேத்துட்டாங்க. அம்மா நம்பரக் கடையோட பக்கத்துலேந்து எடுத்துட்டேன். ஓரத்துலயும் இல்ல.

ஞாபகம் இருக்காதுன்னு சொல்ற. எனக்கு என்ன ஞாபகம்னு சொல்றேன் கேளு. பன்னண்டு வயசு. பரீட்சைப் பணம் கட்டாதவங்க எந்திரிச்சு நில்லுங்கன்னாங்க. மூணு நாள் நின்னேன். எங்கூட நின்னவன் ரெண்டாவது நாளே உக்காந்துட்டான், அவன் அப்பன் வந்து கட்டிட்டான். நாலாவது நாள் அம்மா காதுல கம்மல் இல்ல. அடுத்த வருஷம் வீட்ல நீ இல்ல. உன்ன யார் தைவானுக்கு அனுப்புனது? ஏஜெண்டா? அந்தாளுதான் அனுப்புனது.

இப்ப சம்பல் பாட்டிலுக்கு ஒரு லட்சம் கூடப் போட்டு அப்பா ஆயிரலாம்னு பாக்குறாரா? கடைக்கு வர்றவங்க என்ன விலையோ அதக் குடுக்கணும், சாமான வாங்கிட்டுப் போகணும். எல்லாருக்கும் அதான், அந்தாளுக்கும் அதான்.

நீ அழுதது எனக்குப் பிடிக்கல. அந்தாளுக்காக அழுதது.

பிறந்தநாள் மறந்தது தப்பு. அதுக்கு மட்டும் மன்னிச்சுக்க.

யுதா


தைச்சுங்
ஏப்ரல் 21, 2023

யுதாவுக்கு,

நாளைக்குப் பெருநாள். ஊரே ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சு, தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்ப மன்னிச்சிடுன்னு கேக்குற நாள். அம்மா கைய என் பங்குக்கும் சேத்து நீ முத்தம் குடு. நான் உன்ன ஏசுனதுக்கெல்லாம் என்ன மன்னிச்சிடு. காலேஜ் விஷயத்துல ஏசுனதுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்க மாட்டேன்.

நீ மூணு நாள் நின்னது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல. அம்மாவும் சொல்லல.

அவர மன்னிக்கச் சொல்லி நான் உன்கிட்ட கேக்கலடா. எனக்கே முடியுதான்னு தெரியல. அவர் போடுறது வந்து சேர ஒரு வழி விடுன்னுதான் கேட்டேன். காசுக்காக இல்ல. இருபது எழுத்துக்காக. கடை உன்னுது, நான் உத்தரவு போட முடியாது. ஒரே ஒரு காரியம் பண்ணு, அடுத்த பாட்டில் போகும்போது உள்ள ஒரு சீட்டு வை. கிடைச்சுதுன்னு மட்டும் எழுது, போதும்.

லின் ஐயா எனக்குச் சிவப்பு உறைல பெருநாள் காசு குடுத்தார். இது எங்க வழக்கம் உங்க வழக்கம்னு பாக்காம, பெருநாள்னா குடுக்கணும்னார்.

லஸ்த்ரி


கிரெசிக்
ஜூன் 3, 2023

அக்கா,

ரொம்ப நாள் ஆயிருச்சு, தெரியும். கடை பறக்குது. பெருநாள் வாரத்துல மட்டும் அறுநூறு பாட்டில் போச்சு. நான் தூங்கி எந்திரிச்சா காசு தானா உள்ள வந்து உக்காந்திருக்கு, எவன் போட்டான்னு தேட வேணாம், எவனும் படம் வரைஞ்சு ஏமாத்த முடியாது. ரெண்டு பொம்பளையாளுங்க வேலைக்கு வர்றாங்க. அம்மா அவங்கள அதிகாரம் பண்ணிக்கிட்டு முக்காலில உக்காந்திருக்கு. உன் கமிஷன் எல்லாம் அனுப்ப வேணாம், இனிமே நான் அனுப்புறேன்.

நீ நேரா கேக்க மாட்ட, ஆனா அதுக்காகத்தான் எழுதுவ. சொல்லிடுறேன். ஏப்ரல் 20, பெருநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி, அந்தாளு ஆர்டர் வந்துச்சு. கம்பெனியோட இணையப் பக்கத்துல எனக்குத் தெரியும், யார் எத்தன தடவ முயற்சி பண்ணாங்கன்னு. மூணு தடவ. மூணு லட்சம், ரெண்டு லட்சம், ஒரு லட்சம். மூணும் திரும்பிருச்சு. கடைக்காரம்மா செய்தி அனுப்புச்சு, "பெரியவர் காசு ஏன் போக மாட்டேங்குது தம்பி, எதாவது தப்பா?" நான் எழுதுனேன், "கடை சொன்ன தொகை மட்டும்தான் எடுக்கும். கூட எதுவும் வேணாம்." அவ்வளவுதான் எழுதுனேன்.

மே 13 மறுபடி ஆர்டர். நாப்பத்தேழாயிரம். ஒரு ரூபியா கூட இல்ல, கொறச்சலும் இல்ல. ஒழுங்கா போடத் தெரியுது பாத்தியா. குறிப்பு எழுத நீலத்துல எடம் கிடையாது.

அவர் பாட்டில நான்தான் பேக் பண்ணேன், வேலைக்கு வர்றவங்ககிட்ட குடுக்கல. சீட்டும் வச்சேன். "பொருள் கிடைத்ததும் தெரியப்படுத்தவும், நன்றி." கடைச் சீட்டுதான் அது, எல்லாருக்கும் போடுறது. வேற எழுதலாம்னு உக்காந்தேன். வரல.

யுதா


தைச்சுங்
ஜூன் 9, 2023

யுதாவுக்கு,

உன் லெட்டர்ல முதல்ல அந்தாளு, கடைசில அவர். நீ எழுதும்போது கவனிச்சிருக்க மாட்ட.

அந்தக் கடைக்காரம்மா போன் நம்பர அனுப்பு. ஞாயித்துக்கிழமை எனக்கு ரெண்டு மணி நேரம் லீவு உண்டு, நானே பேசிக்கிறேன். உன்ன எதுலயும் இழுக்க மாட்டேன். நம்பர் மட்டும். நாளைக்குள்ள அனுப்பு.

லின் ஐயாவுக்கு ரொம்ப முடியல. இனிமே நீளமா எழுத நேரம் இருக்குமான்னு தெரியல.

லஸ்த்ரி


சுராபாயா துறைமுகம்
ஜூலை 5, 2023

அக்கா,

ஞாயித்துக்கிழமை நீ போன வச்சதுக்கப்புறம் நாலு தடவ கூப்புட்டேன். நீ எடுக்கல. எடுத்திருந்தாலும் இத நான் வாயால சொல்லியிருக்க மாட்டேன்.

போன்ல என்ன சொன்னேன்? காய்ச்சல், நெஞ்சுச் சளி, தோட்டத்து ஆஸ்பத்திரில சேத்தாங்க, போயிட்டார், அடக்கம் பண்ணிட்டாங்க, நமக்குத் தகவல் லேட்டா வந்துச்சுன்னேன். கடைசியா சொன்னது பொய். தகவல் நேரத்துக்குத்தான் வந்துச்சு.

ஜூன் 26, திங்கக்கிழமை, காலைல பத்து மணி இருக்கும். நான் பெட்டி ஒட்டிட்டிருந்தேன். கடை போன் அடிச்சுது.

"சுமி சம்பல் குடும்பமா?"

"ஆமாங்க, ஆர்டர் நம்பர் சொல்லுங்க."

"ஆர்டர் இல்ல தம்பி, ஆஸ்பத்திரிலேந்து பேசுறோம். காஸ்மான்னு ஒருத்தர் சேந்திருக்கார். நெலம சரியில்ல. சொந்தக்காரங்க நம்பர் கேட்டோம், இதத்தான் குடுத்தார். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அம்மா நாலடி தள்ளி உக்காந்திருந்துச்சு. "யாருடா?"ன்னுச்சு.

நான் போன்ல சொன்னேன், "இது கடைங்க."

"இல்ல தம்பி, அவரு தெளிவா சொன்னாரு..."

"எங்க நம்பர் எல்லா பாட்டில்லயும் ஒட்டியிருக்குங்க. யாரு வேணா குடுப்பாங்க. இது கடை." வச்சுட்டேன். அம்மாகிட்ட தப்பான நம்பர்னேன்.

எனக்கு அந்தப் பேரு காதுல விழுந்துச்சுக்கா. விழலன்னு நான் சொல்ல மாட்டேன். அன்னைக்கு அதுக்கப்புறம் முப்பத்தோரு பெட்டி ஒட்டுனேன். கிழவர் எந்திரிச்சுருவார், அடுத்த மாசம் ஒரு பாட்டில் ஆர்டர் போடுவார்னு நினைச்சேன். போட்டா சீட்டுல எதாவது எழுதலாம்னு நினைச்சேன். நிஜமா நினைச்சேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்னைக்கு, அம்மா தொழப் போனப்ப, நானே அந்த நம்பருக்குக் கூப்புட்டேன். நர்ஸ் எடுத்துச்சு. "அவர் இருபத்தேழாந்தேதி விடியக்காலைலயே போயிட்டார். மதியம் அடக்கம் பண்ணியாச்சு. சொந்தம் யாரும் இல்லேன்னு எழுதிட்டோம். அன்னைக்குப் பேசுனது நீங்கதானா?" இல்லேன்னேன்.

அடுத்த நாள் ருஸ்மினி அம்மாகிட்ட பேசுனேன். அதுக்கு அவர் யாருன்னே தெரியாது. "உங்க அப்பாவா? ஐயோ தம்பி, ஒரு வார்த்தை சொல்லலையே! எங்க ஊர்ச் சம்பல், எங்க ஊர்ச் சம்பல்னு கடைக்கு வர்றவன் தட்டுல எல்லாம் போட்டு விடுவாரே!" கூட இருந்த பொம்பள செத்து ரெண்டு வருஷம் ஆச்சாம். புள்ள குட்டி இல்ல. தனியாத்தான் இருந்திருக்கார்.

அதுக்கப்புறம் அது சொன்னத அப்படியே எழுதுறேன்.

"பெருநாளுக்கு முன்னாடி மூணு தடவ போட்டேன், மூணும் மெஷின் துப்பிருச்சு. தொகையக் கொறச்சுக் கொறச்சுப் போடச் சொன்னாரு. 'மன்னிச்சிடுங்க'ன்னு ஒரு வார்த்தை போடணும்னாரு, அதுக்கு எடமே இல்ல. நீங்க வேற கூட எதுவும் வேணாம்னு எழுதிட்டீங்க. 'அவங்க வாங்க மாட்டாங்க'ன்னு சொல்லிட்டு வெளிய பெஞ்சுல உக்காந்துட்டாரு. அப்புறம் மறுநாள் உங்க செய்தி வந்ததும் பாக்கணுமே அவர் மூஞ்சிய."

"என்ன செய்தி?"ன்னு கேட்டேன்.

"என்ன தம்பி, நீங்க அனுப்புனதுதானே! 'எங்கள் குடும்பத்தில் யார் என்ன தவறு செய்திருந்தாலும் மனமார மன்னியுங்கள், உங்களையும் நாங்கள் மனமார மன்னித்துவிட்டோம், சுமி சம்பல் குடும்பம்.' நாலு தடவ படிக்கச் சொன்னாரு. அப்புறம் ஒரு தாள்ல எழுதித் தரச் சொல்லிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு."

அக்கா, அது நான் எழுதுனது இல்ல. நீலக் கம்பெனி புதுசா சேந்த கடைக்கெல்லாம் இலவசமா குடுத்த பெருநாள் வாழ்த்து. எழுத்தெல்லாம் அவங்களே எழுதி வச்சிருந்தாங்க, கடைப் பேர மட்டும் நான் நிரப்புனேன். ஒரு பொத்தான அமுக்குனா இதுவரைக்கும் வாங்குன எல்லாருக்கும் போகும். ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பது பேருக்குப் போச்சு. யார் யாருக்குன்னு நான் பாக்கக்கூட இல்ல.

ஒம்பது வருஷத்துல நம்ம வீட்லேந்து அவருக்குப் போன நல்ல வார்த்தை அது ஒண்ணுதான். அத நம்பித்தான் மே மாசம் ஒழுங்கா நாப்பத்தேழாயிரம் போட்டிருக்கார். அத நம்பித்தான் ஆஸ்பத்திரில நம்ம நம்பரக் குடுத்திருக்கார்.

இன்னொண்ணும் சொல்லணும். நீ நம்பர் கேட்டு எழுதுனது ஜூன் 9. எனக்கு அடுத்த நாளே கிடைச்சுது. நான் வேணும்னேதான் அனுப்பல. அந்த ஞாயித்துக்கிழமை அவர் ருஸ்மினி கடைலதான் இருந்தாராம், மதியம் பூரா. கேட்டுட்டேன். கேட்டிருக்கவே கூடாது, ஆனா கேட்டுட்டேன். நீ கூப்புட்டிருந்தா அவரே எடுத்துப் பேசியிருப்பார்.

இதுக்கு நீ பதில் எழுத வேணாம். இதப் படிச்சுட்டு என்ன எழுதுவ? நான் உன் எடத்துல இருந்தா எழுத மாட்டேன்.

அம்மாகிட்ட குமாய்ல கணவாய் கம்மி விலைக்குக் கிடைக்குதாம், பாத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன். குமாய்னதும் ஒரு நிமிஷம் என்னையே பாத்துச்சு. அப்புறம் சோறு கட்டிக் குடுத்துச்சு. அதுக்கு என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு எனக்குத் தெரியல. நீ சொல்றதா இருந்தா சொல்லு. இல்லேன்னா நான் திரும்பி வந்து சொல்றேன். அது முன்னாடி எப்படி உக்காருறதுன்னுதான் தெரியல.

அந்த ஆஸ்பத்திரி ஏட்டுல சொந்தம் இல்லேன்னு எழுதியிருக்காங்கல்ல, அத அடிச்சுட்டு என் பேர எழுதச் சொல்லப் போறேன். விடுவாங்களான்னு தெரியல. ஆதாரம் கேப்பாங்கன்னு அம்மா பீரோலேந்து குடும்ப அட்டைய எடுத்தேன். ஒம்பது வருஷத்துல அம்மா அத ரெண்டு தடவ புதுப்பிச்சிருக்கு. நீ தைவான் போனப்ப ஒண்ணு, நான் காலேஜ் சேந்தப்ப ஒண்ணு. ரெண்டு தடவையும் அவர் பேர எடுக்கவே இல்லக்கா. குடும்பத் தலைவர்னு முதல் வரில காஸ்மான். அடுத்து அம்மா, அப்புறம் நீ, அப்புறம் நான்.

கூப்புடுறாங்க, கப்பல் படிய மேல ஏத்தப் போறாங்க. இதோட நிறுத்துறேன், நான் போகணும்.

யுதா